வளவில் ஏழு சுற்றுச் சுழல்பாதை

இது வழி தவறும் புதிர் அல்ல. சக்கரவியூகக் கோலம்போல ஒரே வழி, நடுவில் முடியும். இரண்டு அடிப் பாதைக்கு 30 அடி அகலம், 27 அடி நீளம் வேண்டும். பனை, தென்னைக்குக் கீழே வேண்டாம். ஓலையும் காயும் தலையில் விழும்.

வாசல் பக்கமாக 8 அடிச் சதுரம். நடுவில் சிலுவைக்கோடு, நான்கு கட்டத்திலும் ஒரு ‘ட’ வடிவ மூலைக்கோடு (கை 2 அடி, முனைகள் வெளியே பார்க்க), நான்கு மூலையிலும் புள்ளி. சிலுவையின் மேல்முனையை அதற்கு வலப்பக்கம் அடுத்துள்ள ‘ட’ முனையோடு வளைத்து இணையுங்கள். பிறகு இடப்பக்கம் அடுத்த முனையை வலப்பக்கம் அடுத்த முனையோடு (புள்ளியும் ஒரு முனைதான்) என மொத்தம் எட்டு வளைவுகள். முதல் இரு முனைகளுக்கு நடுவே முளை அடித்து, கயிற்றால் 1, 3, 5 என்று 15 அடி வரை அரைவட்டம் போடலாம். அரைவட்டங்களின் வால்களை மேல்மூலைப் புள்ளிகளில் முளை மாற்றிக் கீழே வளையுங்கள்.

கல் வைக்குமுன் சாம்பலால் கீறி நடந்து பாருங்கள். சுற்றுகளை வெளியிலிருந்து எண்ணினால் நடக்கும் வரிசை 3, 2, 1, 4, 7, 6, 5. முட்டுச்சந்து வந்தால் ஏதோ ஒரு வளைவு ஒரு முனை தள்ளி இணைந்திருக்கிறது. அநேகமாக எல்லாரும் செய்யும் பிழை.

கோடுகளின் மொத்த நீளம் சுமார் 360 அடி. அரை அடிச் சுண்ணாம்புக்கல் 720 வரை போகும். கிணறு வெட்டிய கல் குவிந்து கிடந்தால் காசு மிச்சம். கல்லை மூன்றிலொரு பங்கு புதையுங்கள். மேலாக வைத்தால் மாரி மழையில் செம்மண் இளகிக் கல் சாயும். பாதைக்கு இரண்டு அங்குலம் மணல் பரப்பி, வாசல் பக்கம் சற்றுச் சரிவு விட்டால் தண்ணீர் தேங்காது. வெறுங்காலோடு நடப்பவர்கள் நெருஞ்சியை முளையிலேயே பிடுங்கிவிடவேண்டும்.