பழைய நெகட்டிவ்களைப் படமாக்க வீட்டிலேயே ஒரு ஸ்டாண்டு

கழுவின போட்டோ என்றோ தொலைந்திருக்கும், ஸ்டுடியோ கவருக்குள் நெகட்டிவ் மட்டும் பீரோவில் கிடக்கும். அதை டிஜிட்டலாக்க ஸ்கேனர் வாங்க வேண்டியதில்லை. லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா ஒன்று கையில் இருந்தால் போதும், மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இல்லாவிட்டால், சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழாயைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் வெளிச்சம். படம் வரைபவர்கள் வைத்திருக்கும் எல்இடி ட்ரேசிங் பேட் நல்லது, வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், கலர் நெகட்டிவுக்கு அது ரொம்ப முக்கியம். டேப்லெட்டில் வெள்ளைத் திரை வைத்தும் செய்யலாம், ஆனால் ஃபிலிம் திரைக்கு 5 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் பிக்சல் புள்ளிகள் படத்தில் வந்துவிடும். நடுவில் பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்றை வைத்தால் வெளிச்சம் சீராகப் பரவும். போர்டு செய்யும் கடைகளில் வெட்டின மிச்சத்தைக் கேட்டாலே கிடைக்கும்.

அடுத்து ஃபிலிம் பிடிப்பான். கருப்பு அட்டை இரண்டை எடுத்து, இரண்டிலும் 25 மி.மீ. உயரம், 40 மி.மீ. நீளத்தில் ஜன்னல் வெட்டுங்கள். படத்தின் அளவு 24க்கு 36தான், நீளத்தைக் கூட்டுவது இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று ஃபிலிமும் தெரிவதற்காக, அது பின்னால் தேவைப்படும். அட்டைகளுக்கு இடையே ஓரங்களில் மெல்லிய பட்டைகள் ஒட்டி, 35 மி.மீ. ஃபிலிம் வழுக்கிப் போகிற மாதிரி ஒரு தடம் விடுங்கள். ஜன்னலைச் சுற்றி வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது.

கேமராவை நேர் கீழே பார்க்க நிறுத்த, மூடிப்போன ஸ்டுடியோவின் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரிண்ட் போடும் கருவி) கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்: தலையைக் கழற்றிவிட்டு அந்தத் தூணில் கேமராவை மாட்டினால், ஏற்றி இறக்க அதைவிட உறுதியான ஸ்டாண்டு இல்லை. கோணம் சரிதானா என்று பார்க்க, ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள், லென்ஸின் பிம்பம் கேமரா திரையின் நட்டநடுவில் தெரிய வேண்டும். இதில் அவசரப்பட்டால் படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கலாகவே வரும்.

ஃபிலிமின் மங்கலான பக்கம் கீழே, பளபளக்கும் பக்கம் கேமராவை நோக்கி. தூசியை ப்ளோயரால் மட்டும் ஊதுங்கள், துணி வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு), 2 விநாடி டைமர். திரையில் பெரிதாக்கி ஃபிலிமின் துகள்களிலேயே ஃபோகஸ் வையுங்கள், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். படத்தில் கோடு கோடாக விழுந்தால் அது எல்இடியின் துடிப்பு, ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள்.

எடுத்த நெகட்டிவை கம்ப்யூட்டரில் தலைகீழாக்க வேண்டும், அதாவது கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்ற வேண்டும். கருப்பு வெள்ளைப் படத்தில் இது சுலபம். கலரில் ஃபிலிமின் ஆரஞ்சு நிறம் குறுக்கே நிற்கும், அங்கேதான் அந்த வெற்று ஃபிலிம் உதவுகிறது: டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்ற பகுதியைத் திறந்து, ஃபிலிமின் அடி நிறமாக அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் ஆரஞ்சு விலகிவிடும். ஒரே ரோலுக்கு ஒரே எக்ஸ்போஷரை வைத்தால் அந்த அமைப்பை எல்லாப் படத்துக்கும் அப்படியே ஒட்டலாம்.

அப்புறம், வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த ஃபிலிமை உடனே தனியாகப் பிரித்து, முதலில் அதைப் படமெடுத்துவிடுங்கள். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது.