பன்னாட்டுச் சிறார் முகாம்: குழுச் சவால்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் பன்னாட்டுச் சிறார் முகாம்களுக்குப் புதுப் பொறுப்பாளர்கள் வந்து சேர்கிறார்கள். எல்லார் கையிலும் ஏறத்தாழ ஒரே பட்டியல்: மனித முடிச்சு (கோத்த கைகளை விடாமல் சிக்கல் எடுப்பது), சிலந்தி வலை (கயிற்று வலையின் ஓட்டைகள் வழியே கயிற்றைத் தொடாமல் நுழைவது), தார்ப்பாய் திருப்பல் (பாயின் மேல் நின்றபடியே கால் தரையில் படாமல் அதைப் புரட்டுவது), கண்ணைக் கட்டி நடத்தல், ஸ்பாகெட்டிக் கோபுரம் (குச்சிபோல் விறைத்த உலர் மாவிழைகளால் கோபுரம் கட்டுவது). இந்த விளையாட்டுகளில் குறை எதுவும் இல்லை. ஒரே வகுப்பில் படித்து ஒரே மொழி பேசும் பிள்ளைகளுக்காக எழுதிய விதிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்குவதில்தான் பிசகு. தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பெட்டி, ஒவ்வாமைப் பட்டியல் பற்றியெல்லாம் எந்தக் கையேடும் சொல்லும், அவற்றை விட்டுவிடலாம். பழகியவர்களும் வழுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே.

எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது சி.ஐ.எஸ்.வி. (சிறாருக்கான பன்னாட்டுக் கோடைக் கிராமங்கள்) அமைப்பின் 'கிராமம்' என்ற பெயருள்ள முகாமை. டோரிஸ் ஆலன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-இல் தொடங்கிய அமைப்பு அது. முதல் முகாம் 1951-இல் சின்சினாட்டியில் நடந்தது. வருபவர்கள் 11 வயதுப் பிள்ளைகள்: நாட்டுக்கு இரண்டு சிறுவர், இரண்டு சிறுமியர், அவர்களுடன் ஒரு பெரியவர். உதவிக்கு 16, 17 வயது இளையோர் சிலர். ஏறக்குறைய நான்கு வாரம் ஒரே கூரையின் கீழ் வாழ்க்கை. பொதுமொழி ஆங்கிலம்தான், ஆனால் வருகிற பிள்ளைகளில் பலருக்கு அது நாலு வார்த்தைக்கு மேல் வராது.

நாடுவாரியாக அணி பிரிப்பது

பிரிப்பது சுலபம், ஒரே நிறச் சட்டைகூடத் தயாராக இருக்கும். அதனாலேயே புதியவர்கள் இதில் விழுகிறார்கள்.

1954-இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் நடத்திய முகாம் ஆய்வைப் பொறுப்பாளர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 11, 12 வயதுச் சிறுவர் 22 பேர். ஒரே மொழி, ஒரே மதப் பின்னணி, ஒரே மாதிரிக் குடும்பங்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, பேஸ்பால், வடம் இழுத்தல் என்று பரிசுப் போட்டி வைத்ததும், சில நாளிலேயே ஒருவர் கொடியை இன்னொருவர் எரித்தார்கள், அறைகளுக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு சேர்ந்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டதும் படம் காட்டியதும் பலிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் வரத்து நின்றபோதும், சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பாதபோதும்தான் இரு தரப்பும் சேர்ந்தது. வடம் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இவ்வளவு ஒத்த பிள்ளைகளே அப்படிப் பிரிந்தார்கள் என்றால், கையில் தேசியக் கொடியோடு வருகிறவர்களைக் கேட்கவே வேண்டாம்.

12 நாடுகள், 48 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் கொண்ட ஆறு அணி. முதல் இரண்டு நாள் ஒரு நாட்டின் நால்வரை இரண்டு இரண்டாகப் பிரித்து வேறு வேறு அணியில் போடுங்கள். தன் மொழி பேச ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை அழாது. மூன்றாம் நாள் முதல் நால்வரும் நாலு அணியில். இரண்டு நாளுக்கு ஒரு முறை அணி கலைந்து மறுபடி சேர வேண்டும். சுவரில் நாள்தோறும் ஏறும் புள்ளிப் பட்டியல் வேண்டவே வேண்டாம். போட்டியின் விறுவிறுப்பு தேவையென்றால் ஆறு அணியின் நேரத்தையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுங்கள். மறுநாள் முகாம் முழுவதும் சேர்ந்து அந்த எண்ணைக் குறைக்கட்டும். அப்போது முந்தி முடித்த அணி பிந்திய அணிக்கு உத்தி சொல்லித்தர ஓடும்.

விதியை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்வது

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு இதுதான். ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் செய்கிறவருக்கு இது தவறாகவே தெரிவதில்லை.

காட்சி இப்படி இருக்கும். பொறுப்பாளர் வட்டத்தின் நடுவில் நின்று ஏழெட்டு நிமிடம் விதிகளைச் சொல்வார். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தலையாட்டுவார்கள். "புரிந்ததா?" என்றால் ஒரே குரலில் "யெஸ்". விசில் ஊதியதும் மூன்று பேர் ஓடிப்போய்க் கயிற்றையும் பலகையையும் எடுப்பார்கள்; அவர்களுக்குள்ளேயே பேசி முடிவெடுப்பார்கள். மற்ற ஐந்து பேரும் என்ன நடக்கிறதென்று பார்த்து நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் கையைக் காட்டி, இந்தா இதைப் பிடி என்பான். அவர்கள் பிடிப்பார்கள். சவால் முடிந்துவிடும். குறிப்பேட்டில் "நல்ல ஒத்துழைப்பு" என்று ஏறும்.

அங்கே நடந்தது ஆங்கிலத் தேர்வு. நாளுக்கு இரண்டு முறை இதே தேர்வு வைத்தால், முதல் வாரம் முடிவதற்குள் யார் கெட்டிக்காரர், யார் பலகை பிடிக்கிறவர் என்று பிள்ளைகளே முடிவு கட்டிவிடுவார்கள். வீட்டில் படகுக் கயிறு கட்டிப் பழகிய பிள்ளை வாய் திறக்காததால் கயிற்றைத் தொடாமலே நிற்கும். ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கும் நட்டம்தான்: பேசுகிறவன் தலைவன் என்று அவன் கற்றுக்கொண்டு வீடு திரும்புவான். பிறகு எத்தனை நட்பு விளையாட்டு வைத்தாலும் இந்த அடுக்கு கலையாது.

மொழிபெயர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரியாகும். உடன் வந்த பெரியவர் காதோரம் சொல்லி முடிப்பதற்குள் முந்தியவர்கள் பொருட்களைக் கைப்பற்றியிருப்பார்கள். மொழிபெயர்ப்பு வைப்பதானால் கடைசிப் பிள்ளைக்கும் சொல்லி முடிக்கும்வரை பொருட்கள் பெட்டிக்குள் இருக்க வேண்டும். விதித்தாள் முந்தின இரவே பெரியவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, விதியைச் செய்து காட்டுவது. முந்தின மாலை விதியை மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கையசைவில் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாத விதியை வெட்டிவிடுங்கள். அது இல்லாமலும் விளையாட்டு நடக்கும். மறுநாள் இளையோர் இருவர் ஒன்றரை நிமிடம் ஆடிக் காட்டட்டும், முதலில் தப்பாக. தார்ப்பாய் திருப்பலில் ஒருவர் பாயை விட்டுக் கால் வெளியே வைப்பார், விசில், கைகள் குறுக்காக, எல்லாரும் தொடக்கத்துக்கு. பிறகு சரியாக. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதுவரை பேசாத ஒரு பிள்ளையிடம் கையைக் காட்டி, நீ செய்து காட்டு என்று அழையுங்கள். அடுத்து இரண்டு நிமிடம் கணக்கில் சேராத ஒரு ஒத்திகை. அதன்பின் சவால் தொடங்கும்போது முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாய் மூடியதும் எல்லாரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். மண்ணில் கோடு போடுவார்கள், சட்டையைப் பிடித்து இழுப்பார்கள், யோசனை எங்கிருந்தெல்லாமோ வரும். பேச்சை அனுமதிக்கும் நேரத்தில் திட்டம் பாதி உருவாகியிருக்கும், அதில் எல்லார் கையும் இருக்கும்.

முதல் வாரத்துக்கு ஏற்ற சவால்களில் ஹீலியம் கழிக்கு ஈடில்லை. இரண்டரை மீட்டர் நீளமுள்ள, எடையே இல்லாத மெல்லிய கழி வேண்டும். கூடாரத்தின் அலுமினியக் குழாயோ, நாளிதழைச் சுருட்டி ஒட்டிய குழலோ போதும். எட்டுப் பேர் நாலு நாலாக எதிரெதிரே நின்று, மார்பு உயரத்தில் ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டும். விரல்களின் மேல் கழியை வைத்து, அதைத் தரையில் இறக்கச் சொல்லுங்கள். எந்த விரலும் கழியை விட்டு விலகக் கூடாது. கழி இறங்காது, ஏறும். விலகிவிடுவோமோ என்று ஒவ்வொருவரும் தன் விரலைத் துளி மேலே தள்ளுவார்கள். அத்தனை துளியும் சேர்ந்தால் கழியின் எடையைவிட அதிகம். தலைக்கு மேல் கழி போன நேரத்தில் பிள்ளைகளின் முகங்களைப் பாருங்கள்: எல்லாரும் எதிரில் இருப்பவரையே முறைப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் முழங்காலை மெல்ல மடக்குவார், பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து மடக்குவார். அந்த இடத்தில் மொழிக்கு வேலையே இல்லை. கனமான மூங்கிலை எடுத்தால் மட்டும் ஆட்டம் பிசுபிசுத்துப்போகும், கழி மேலே ஏறாது.

விடுகதை, வார்த்தை விளையாட்டு, பாலைவனத்தில் எந்தப் பொருள் முக்கியம் என்று வரிசைப்படுத்துவது போன்றவற்றை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். அந்த வாரத்தில் 'பார்ங்கா' வைக்கலாம். சென்னையில் பிறந்த சிவசைலம் தியாகராஜன் 1980-இல் உருவாக்கிய விளையாட்டு இது. நான்கைந்து பேருக்கு ஒரு மேசை. ஒன்று முதல் ஏழு வரை நான்கு வகையாக 28 சீட்டு. விதியைப் படித்தபின் தாளை வாங்கிவிட வேண்டும், அதற்குமேல் பேச்சில்லை. ஒவ்வொரு மேசைக்கும் விதி சற்றே வேறு, அது யாருக்கும் தெரியாது. சுற்று முடிந்து வென்றவர் அடுத்த மேசைக்கு மாறும்போது குழப்பம் தொடங்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு, விதி புரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அங்கேதான் முதன்முதலாகத் தெரியவரும். சீட்டாட்டத்தைச் சூதாகப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. எண்களும் நிறங்களும் வரைந்த அட்டைகளை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். விதித்தாளை மட்டும் அவரவர் மொழியில் கொடுத்தாக வேண்டும்.

மனித முடிச்சு எப்போதும் அவிழும் என்று நம்புவது

அவிழாது. குறுக்கும் நெடுக்குமாகக் கைகோத்தால் ஒரே வட்டமும் வரலாம், இரண்டு வட்டமும் வரலாம், உண்மையிலேயே அவிழ்க்க முடியாத முடிச்சும் விழலாம். "முயன்றால் முடியும்" என்று ஊக்குவித்தபடி நின்றால் மணிக்கட்டுகள்தான் முறுகும். பன்னிரண்டு நிமிடம் எல்லை வையுங்கள். ஒரே ஒரு பிடியை ஒரு முறை விட்டுச் சேர்க்கலாம், எந்தப் பிடி என்பதை அணி முடிவு செய்யட்டும்.

சிறுவனும் சிறுமியும் கைகோப்பது சில வீடுகளில் ஏற்புடையது அல்ல. ஆளுக்கு அரை மீட்டர் துணிப்பட்டை கொடுத்து அதன் முனையைப் பிடிக்கச் சொன்னால் போதும். எல்லாருக்கும் கொடுங்கள். தயங்குகிற பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அது அடையாளம் குத்துவதாகும்.

ஸ்பாகெட்டிக் கோபுரத்தின் உச்சியில் மார்ஷ்மெல்லோ

பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கி, டாம் வூஜெக் உலகெங்கும் பரப்பிய சவால். நாலு பேர், 20 ஸ்பாகெட்டி, தலா 90 சென்டிமீட்டர் அளவில் ஒட்டுநாடாவும் நூலும், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சுபோன்ற மிட்டாய்), 18 நிமிடம். பொதுவாக மார்ஷ்மெல்லோவில் இருப்பது ஜெலட்டின், பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. கையில் கொடுத்தால் பிள்ளைகள் தின்னத்தான் செய்வார்கள். முஸ்லிம், யூதப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் புலால் உண்ணாத பிள்ளைகளின் பெற்றோருக்கும் அன்று மாலை என்ன பதில் சொல்வீர்கள்? உணவைப் பொருளாக வைத்து விளையாடுவதே சில பிள்ளைகளுக்கு மனம் ஒப்பாது. ஈரக்காற்றில் ஸ்பாகெட்டி வளைந்தும் போகும்.

மாற்று எளிது: இருபது நாளிதழ்த் தாள், ஒரு மீட்டர் ஒட்டுநாடா, உச்சிக்கு ஒரு டென்னிஸ் பந்து. தாளை மூலையிலிருந்து மூலைக்கு இறுக்கமாகச் சுருட்டினால் நல்ல விறைப்பான குழல் கிடைக்கும். ஐந்தாவது நிமிடத்திலேயே பந்தை ஒரு முறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி நொடியில் முதன்முதலாக எடை ஏறினால் எந்தக் கோபுரமும் மடங்கி உட்காரும்.

நைலான் கயிற்றில் வடம் இழுப்பது

நைலான் இழுபடும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். 1997-இல் தைப்பேயில் 1,600 பேர் இழுத்த கயிறு அறுந்து இருவரின் கை துண்டானது. பக்கத்துக்கு எட்டுப் பேர், தடித்த மணிலா நார்க் கயிறு, கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது.

சிலந்தி வலையில் உயரமான ஓட்டை

மார்பு உயரத்துக்கு மேல் கட்டாதீர்கள்.

கேட்காமல் கண்ணைக் கட்டுவது

போர் பார்த்து வந்த பிள்ளைகளும் முகாமில் இருப்பார்கள். கண்ணை மூடிக்கொள்வதும் திறப்பதும் அவர்கள் கையில் இருக்கட்டும், துணி வேண்டாம்.

நண்பகலில் ஓட்டச் சவால்

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கும் திடலில் நடந்த உலக சாரணர் பெருமுகாமான ஜம்போரியில் வெயிலால் நூற்றுக்கணக்கானோர் மருத்துவ உதவி தேட வேண்டியிருந்தது. பிறகு புயல் எச்சரிக்கையால் திடலையே காலி செய்தார்கள். ஓட்டம் காலை பத்துக்குள். நண்பகலில் ஹீலியம் கழி, கோபுரம், நிழல்.

முடிந்ததும் கலைந்துபோவது

அரைமணிச் சவாலுக்குக் கால்மணிப் பேச்சு வேண்டும், அதே இடத்தில், பொருட்கள் நடுவில் கிடக்கும்போதே. "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று தொடங்கினால் மறுபடி ஆங்கிலக்காரர் மூவர்தான் பேசுவார்கள். பேச்சில்லாத கேள்வியில் தொடங்குங்கள்: உன் யோசனையை எத்தனை பேர் கவனித்தார்கள், விரல்களால் காட்டு. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஒருவர் விரித்த கையும் இன்னொருவர் மூடிய முஷ்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடுத்த கேள்வியை அதுவே கொண்டுவரும். பிறகு இரண்டு நிமிடம் தன் மொழிக்காரரோடு பேச விடுங்கள். அணியில் தன் மொழி பேச ஆள் இல்லாவிட்டால், உடன் வந்த பெரியவர் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரட்டும். அதன்பின்தான் பொதுவில் பேச்சு. கேள்வி கேட்டபின் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். வேற்றுமொழியில் பதில் கோக்கிற பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். பாடத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர்கள் "யெஸ்" என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோவார்கள்.

சாப்பாட்டு மணி நெருங்கினால் சவாலைப் பாதியில் நிறுத்துங்கள், பேச்சை வெட்டாதீர்கள். முடியாத சவாலை மறுநாள் அதே அணி விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்யும்.