கையில் கட்டிய வாட்ச் ராத்திரி வரை தாங்க

போன வைகாசியில் கானாடுகாத்தானில் உறவுக்காரக் கல்யாணம், வேலை பாதி என் தலையில். போனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்பகுதியில், ஒரு அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டு, கையில்தான் ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறதே, யாராவது கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று முகப்புக்கு வந்துவிட்டேன். காலை 6 மணிக்கு 100 காட்டிய வாட்ச் மதியம் 12 மணிக்கு 20. வாழை இலை கொண்டுவந்தவர் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வாட்சில் கோளாறு ஒன்றும் இல்லை, வீட்டின் நீளம்தான் காரணம். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை; முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும், குறுக்கே கனத்த சுவர்கள் வேறு. புளூடூத் இணைப்பைப் பத்து மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சுவர் குறுக்கே வந்தால் அதுவும் நிச்சயம் இல்லை. இணைப்பு அறுந்ததும் வாட்ச் சும்மா இருக்காது. போனைத் தேடும், வைஃபை உள்ள வாட்ச் வைஃபைக்கு மாறும், சிம் வசதி உள்ளது என்றால் டவரைப் பிடிக்கப் பார்க்கும். அன்று பேட்டரியைத் தின்றது இந்தத் தேடல்தான். அதனால் முதல் வழி இது: போனை நீங்கள் நடமாடும் பகுதியிலேயே வையுங்கள், இல்லை சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். போனை விட்டுவிட்டுத்தான் போயாக வேண்டும் என்றால் வாட்சில் ஏரோப்பிளேன் மோடு போட்டுவிடுங்கள், நேரமும் நடையும் அது பாட்டுக்குக் காட்டும்.

இதில் பேட்டரியின் அளவு முக்கியம். இன்று கடையில் கிடைக்கும் போன்களில் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி சாதாரணம். வாட்சில் இருப்பது அதில் இருபதில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் பத்தில் ஒரு பங்கு. சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 சிறிய அளவில் 247, ஒன்பிளஸ் வாட்ச் 2 பெரிய வாட்ச், அதிலேயே 500தான். ஒரு உழக்கு அரிசியை வைத்துக்கொண்டு பந்தி போட முடியாது இல்லையா, யாருக்கு முதலில் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுத்துவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

எனக்கு உண்மையிலேயே உதவுபவை நான்கு. யார் கூப்பிடுகிறார்கள் என்று மணிக்கட்டில் தெரிவது. டைமர். சத்தமில்லாமல் அதிர்ந்து எழுப்பும் அலாரம், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கம் கெடாது. அப்புறம் போனைக் கண்டுபிடிக்கும் பொத்தான். இந்தக் கடைசி ஒன்றை சென்னை ஃபிளாட்டில் இருப்பவர்கள் அவ்வளவு மதிக்க மாட்டார்கள். பத்து அறை, அதற்கு மேல் மாடி உள்ள வீட்டில் போனை எங்கே வைத்தோம் என்று தேடியவர்களுக்குத்தான் அருமை தெரியும். டைமரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் நேரம் மறந்துபோகும், கை மாவாக இருக்கும்போது போனைத் தொடவும் முடியாது. மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டி 2 மணி நேரம் வைத்துவிட்டால் போதும். இதற்கெல்லாம் பேட்டரி செலவு ரொம்பச் சொற்பம்.

வாங்கப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் தன் போன் எது என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் ஆசையாக ஆப்பிள் வாட்ச் வாங்கி வந்து தருவார்கள், இங்கே பையனிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். ஐபோன் இல்லாமல் அந்த வாட்சைத் தொடங்கவே முடியாது, அது பெட்டியோடு பீரோவுக்குப் போய்விடும். சாம்சங்கிலும் 2021க்குப் பிறகு வந்த கேலக்ஸி வாட்ச்கள் ஐபோனோடு சேராது. சிம் வசதியுள்ள வெளிநாட்டு வாட்ச் என்றால், நம் ஊர் நிறுவனத்தின் இணைப்பு அதில் வேலை செய்யுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாங்கித் தருகிறவர்களிடம் போன் மாடலைச் சொல்லி அனுப்புவதில் கூச்சமே வேண்டாம்.

பேட்டரியை வைத்துப் பார்த்தால் வாட்ச் மூன்று வகை. முதல் வகை, கையில் கட்டும் குட்டி போன் மாதிரி. ஆப்பிள், சாம்சங், கூகுள் எல்லாம் இதில் வரும். தனியாக ஆப் போடலாம், பதில் எழுதலாம், ஆனால் ஒருநாள் இரண்டுநாள்தான். ஆப்பிள் வாட்சின் பெரும்பாலான மாடல்களுக்கு அந்த நிறுவனமே பல வருஷமாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணி நேரம், அல்ட்ரா மாடலுக்கு 36. இரண்டாவது வகை, குறைந்த விலையில் கிடைப்பவை. உள்ளே எளிய மென்பொருள், அதனால் ஐந்து நாள், பத்து நாள் கூடத் தாங்கும். பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்கு மட்டும் எல்லாவற்றையும் குறைத்து வைத்த நிலையில் வருவது. வாட்சிலேயே பேசும் புளூடூத் காலிங்கைத் தினமும் பயன்படுத்தினால் பத்து நாள் என்பது இரண்டு மூன்று நாளாகிவிடும், அதைச் சின்ன எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது வகை, வெயில் வெளிச்சத்தையே பிரதிபலித்துக் காட்டும் திரை உள்ளவை. கார்மினின் இன்ஸ்டிங்க்ட் வரிசையில் பல மாடல்கள் அப்படி. வீட்டுக்குள் பார்த்தால் திரை மங்கலாக, அழகில்லாமல் தெரியும். சித்திரை வெயிலில் வயல் வரப்பில் நின்று பாருங்கள், பளிச்சென்று இருக்கும், சார்ஜும் வாரக்கணக்கில் போகும். வெளியில் அலைகிற தொழில் செய்கிறவர்களுக்கு இந்த மூன்றாவதைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே கையில் வாட்ச் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது: இரண்டு நாள் எதையும் மாற்றாமல் கட்டுங்கள். காலையில் எழுந்ததும், மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், படுக்கப் போகும்போது என்று மூன்று வேளை சதவீதத்தைக் குறித்து வையுங்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். ராத்திரி தூக்கத்தில் மட்டும் 15, 20 குறைகிறது என்றால் உள்ளே ஏதோ விழித்திருக்கிறது, பெரும்பாலும் ரத்த ஆக்சிஜன் அளவையும் தூக்கத்தையும் இடைவிடாமல் அளப்பது. பகலில் மட்டும் சரிகிறது என்றால் திரையும் அறிவிப்பும்தான். அப்புறம் ஒருநாளைக்கு ஒன்றாக அணைத்துப் பாருங்கள், எது எவ்வளவு தின்கிறது என்று உங்கள் வாட்சே சொல்லும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அணைத்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது, தேவையானதும் சேர்ந்து போய்விடும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ஆல்வேஸ் ஆன் என்று திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் வசதி. பல வாட்ச்களில் இதை அணைத்த மாத்திரத்தில் நாள் கணக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும். அடுத்து முகப்புப் படம். அமோலெட் திரையில் கறுப்புப் புள்ளி என்றால் அந்த இடத்தில் விளக்கே எரியவில்லை என்று அர்த்தம், அதனால் கறுப்புப் பின்னணியில் நாலு எண் மட்டும் உள்ள படத்தை வையுங்கள். எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் முழுசாக எரியும், அதில் கறுப்பு வைத்தும் பயனில்லை, வெளிச்சத்தைத்தான் குறைக்க வேண்டும். கையைத் தூக்கினால் திரை எரியும் வசதி பகலில் இருக்கட்டும், தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதெல்லாம் எரியும் என்பதால் ராத்திரிக்கு மட்டும் அணையுங்கள்.

அறிவிப்புகளும் பெரிய செலவு. ஒவ்வொரு தடவையும் மோட்டார் அதிர்கிறது, திரை எரிகிறது. பங்காளி குரூப், கோயில் குரூப், கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆகியும் கலையாத குரூப் என்று எனக்கே பதினாலு இருந்தது, காலை வணக்கம் மட்டும் நாற்பது வரும். போனில் உள்ள வாட்ச் ஆப்புக்குப் போய் அழைப்பு, குறுஞ்செய்தி, வங்கி இது மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நிறுத்தினேன். அன்று ராத்திரி படுக்கும்போது வழக்கத்தைவிட 20 கூடுதலாக மிச்சம் இருந்தது. கைக்கும் நிம்மதி.

இதயத்துடிப்பை நொடிக்கு நொடி அளக்காமல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம், மருத்துவர் கவனிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் தொடர்ச்சியாக விடுங்கள். இங்கே ஒரு விஷயம். எங்கள் அப்பத்தாவுக்கு வாட்ச் கட்டிவிட்டபோது துடிப்பு வரவே இல்லை, கோடு கோடாகக் காட்டியது. கழற்றிப் பார்த்தேன், பின்புறத்துப் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. வாட்ச் இருந்த இடத்தில் அந்தக் காலத்தில் குத்திய பச்சை, வெளிறிப்போன கோலப்புள்ளிகள். ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சுவதை வைத்துத்தான் வாட்ச் துடிப்பை எண்ணுகிறது, நடுவில் மை இருந்தால் வெளிச்சம் போய் வராது. "அப்பத்தா, வலது கையைக் குடுங்க" என்று மாற்றிக் கட்டியதும் 76 என்று வந்தது. "என் நெஞ்சு அடிக்கிறது இதுக்கு எப்படிடா தெரியும்" என்று அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தளர்வாகக் கட்டினாலும் இதே தொல்லைதான். சரியாகப் படியாத அளவை மறுபடி மறுபடி எடுப்பதில் பேட்டரியும் போகும், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்குக் கட்டுங்கள்.

ஆரோக்கியம் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் என்று விற்கும் வாட்சை வாங்காதீர்கள். அப்படித் தானே அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது. அதை நம்பி மாத்திரை அளவைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தமும் அப்படித்தான், சாம்சங் வாட்சில்கூடக் கையில் பட்டை சுற்றும் கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல பட்டைக் கருவியை முதலில் வாங்குங்கள்.

இனி சார்ஜ் போடுவது. காரைக்குடிக்காரர்களுக்கு பேட்டரி அந்நியம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953ல் திறக்கப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது; லித்தியம் அயன் பேட்டரியும், உலோகம் அரித்துப்போகும் அரிமானமும் அங்கே ஆராய்கிற விஷயங்கள். வாட்ச் கெடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஆப்பிள் தன் வாட்சுக்குச் சொல்லும் சுற்றுச்சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி, நம் ஊர் சித்திரை வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டும். வண்டி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், அடுப்படித் திட்டில் சார்ஜ் போடாதீர்கள். வளவுப் பக்கத்துக் குளிர்ந்த அறையில், ஆத்தங்குடிக் கல் தரைக்குப் பக்கமாகப் போடுங்கள், அந்தத் தரை மதியத்திலும் ஜில்லென்றுதான் இருக்கும். முழுக்க 0 ஆகும் வரை விடவும் வேண்டாம், விடிய விடிய 100ல் செருகி வைக்கவும் வேண்டாம். நான் காலையில் குளிக்கப் போகும்போது ஒரு அரைமணி, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் கொஞ்சம் என்று போடுகிறேன், 30க்கும் 85க்கும் நடுவிலேயே ஓடுகிறது. கட்டாமல் பீரோவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். காலியாக ஒரு வருஷம் கிடந்தால் திரும்ப எழாமலே போகலாம்.

வாட்சில் அரிமானம் என்பது பின்புறச் சார்ஜ் பின்களில் வரும் களிம்பு. வேர்வை உப்புத்தண்ணீர், அது ஈரமாக இருக்கும்போதே சார்ஜரில் வைத்தால் மின்சாரம் பாய்ந்து உலோகம் அரிக்கும், கொஞ்ச நாளில் சார்ஜே ஏறாது. கழற்றியதும் வேட்டி நுனியாலாவது துடைத்து, காய்ந்த பிறகு வையுங்கள். விலை குறைந்த வாட்சுக்குப் போனின் வேக சார்ஜர் வேண்டாம், பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர் போதும்.

கடைசியாகப் பாதயாத்திரை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்கள், நடையை ஜிபிஎஸ்ஸில் பதிய வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். முதல்நாள் மத்தியானமே வாட்ச் படுத்துவிடும். காலடி எண்ண ஜிபிஎஸ் தேவையே இல்லை, உள்ளே இருக்கும் அசைவு உணரி மிகக் குறைந்த மின்சாரத்தில் எண்ணிவிடும். ஜிபிஎஸ்ஸை அணைத்து, பவர் சேவர் போட்டு நடங்கள். தங்குமிடத்தில் ஒரு பிளக்குக்குப் பத்துப் பேர் நிற்பார்கள், அதனால் 10000 அளவு பவர் பேங்க் ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும், வாட்சைப் பல தடவை நிரப்பும். ஆனால் வாட்ச் இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் யாரும் செருகவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும், காலையில் பார்த்தால் ஏறியே இருக்காது. இன்னொரு துளையில் போனையும் சேர்த்துச் செருகிவிடுங்கள், அணையாது. சில மாடல்களில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்சாரத்துக்கு மாறும். புறப்படுவதற்கு முந்தின வாரம் வீட்டில் ஒருநாள் ராத்திரி இதைச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள், வாட்சின் சார்ஜர் வயரையும் அப்போதே பையில் கட்டிவிடுங்கள், ஏனென்றால் ஒட்டன்சத்திரத்தில் அதே மாடல் வயர் கேட்டால் கிடைக்காது.