அரசு அலுவலகக் கோப்புகளை இரண்டு கிளவுடில் பத்திரமாக வைப்பது எப்படி? (வேலூர்ப் பக்கத்து வேலையிலிருந்து)

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் ஸ்கேன் செய்த பழைய பதிவேடுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பேரூராட்சி, நகராட்சி, வட்ட அலுவலகம் எதை எடுத்தாலும் நிலைமை ஒன்றுதான். கொஞ்சம் ஒரு கிளவுடில், கொஞ்சம் இன்னொன்றில், மிச்சம் ஸ்கேன் எடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஹார்டு டிஸ்கில். அப்படிக் கிடந்ததை, இரண்டு கிளவுடில் ஒவ்வொரு நகல், அலுவலக டிஸ்கில் மூன்றாவது நகல் என்று ஒழுங்குபடுத்திய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கணக்குத் தொடங்குவது, பக்கெட் உருவாக்குவது, கமாண்ட் லைன் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்த கிளவுட் நல்லது என்ற கேள்வியிலேயே பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கோப்புப் பட்டியல், முதன்மைக் கணக்கு, குறியாக்கச் சாவி (கோப்பை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் பாஸ்வேர்டு) மூன்றும் அலுவலகத்தின் கையில் இருந்தால் கிளவுடை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த மூன்றில் ஒன்று வெளியாள் கையில் இருந்தாலும், தரவு பெயருக்குத்தான் அரசுடையது.

இன்னொன்று: ரகசியம், மிக ரகசியம் என்று முத்திரை விழுந்த கோப்புகளுக்கு இந்த வழிமுறை பொருந்தாது. அவற்றை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

படி 1: பட்டியல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். கோப்பின் குறியீடு, தமிழ்ப் பெயர், வட்டம், கிராமம், உரிமையுள்ள அலுவலகம், பொறுப்பு அலுவலரின் பதவி, தரவு வகை, நகல்கள் இருக்கும் இடங்கள், செக்சம் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்). பதவி என்ற இடத்தில் ஆளின் பெயரை எழுதாதீர்கள். அவர் மாறுதலில் போனதும் பட்டியல் பொய்யாகிவிடும்.

தரவு வகைக்கு மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள். டெண்டர் அறிவிப்பு மாதிரி யாரும் பார்க்கக்கூடியது பச்சை. அலுவலகத்துக்குள் மட்டும் புழங்குவது மஞ்சள். தனிமனிதர் விவரம் உள்ளது எல்லாமே சிவப்பு. பிறப்பு இறப்புப் பதிவேடு, ஓய்வூதிய விண்ணப்பம், கட்டட அனுமதிக் கோப்பு எல்லாம் சிவப்பில்தான் வரும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதனால் சிவப்பா மஞ்சளா என்று சந்தேகம் வந்தால் சிவப்பு என்றே போடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய ஃபோல்டரில் 'வேலூர் மாவட்டம்' என்று இருந்தால் அது இன்றைய வேலூர் இல்லை. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்குப் போயின. வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போயின. அதற்கும் முந்தி, 1989 செப்டம்பர் 30 வரை ஒரே வட ஆற்காடு. அந்தக் காலத்துப் பதிவேட்டில் ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி கூட இருக்கும். அவை இப்போது திருவண்ணாமலை மாவட்டம். ஃபோல்டரை அப்படியே கிளவுடில் ஏற்றி 'வேலூர்' என்று ஒரே அனுமதியைக் கொடுத்தால், வேலூர் ஊழியர் ஆம்பூர் மக்களின் விவரத்தைப் பார்ப்பார். ஆம்பூர் அலுவலகத்துக்கோ தன் கோப்பே திறக்காது. அதனால் அனுமதியை மாவட்டவாரியாகக் கொடுக்காமல் வட்டவாரியாகக் கொடுங்கள். நாளை எல்லை மாறினாலும் வட்டத்தை எடுத்து வேறு குழுவில் சேர்த்தால் வேலை முடிந்தது.

படி 2: இடம்

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் மேகராஜ் திட்டத்தின் கீழ், அரசுத் துறைகள் பயன்படுத்தத் தகுதி பெற்ற கிளவுட் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதே அமைச்சகத்தின் தரச் சோதனை அமைப்பான எஸ்டிகியூசி தணிக்கை முடித்த பிறகே அதில் பெயர் ஏறும். நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் வாங்கப்போகும் சேவையும் டேட்டா சென்டரும் அந்தத் தகுதிக்குள் வருகின்றனவா என்றும் பாருங்கள். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம் வழியாக வாங்கினாலும் இதைச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத். மைக்ரோசாஃப்டின் அஷ்யூருக்குப் புனே, சென்னை, மும்பை. கூகுளுக்கு மும்பை, டெல்லி. புதுக் கணக்கைத் திறக்கும்போது மேலே பிராந்தியம் (தரவு இருக்கப்போகும் இடம்) அமெரிக்காவில் நிற்பது சகஜம். பக்கெட் உருவாக்கும் முன் அதைப் பாருங்கள். பேக்கப்புக்கும் லாகுக்கும் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) தனியாகப் பிராந்தியம் கேட்கும், அங்கேயும் இந்தியாதான்.

படி 3: முதன்மைக் கணக்கு

முதன்மைக் கணக்கை அலுவலகத்தின் அரசு மின்னஞ்சலில் மட்டும் தொடங்குங்கள். ஓரிடத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் கணக்கைத் திறந்துவிட்டு, வேலையை விட்டுப் போய்விட்டார். ஓடிபி அவர் கைபேசிக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு பாஸ்வேர்டை மாற்ற எத்தனை கடிதப் போக்குவரத்து!

இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் வேண்டாம். யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி இரண்டு வாங்கி இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியில், மற்றது வேறு கட்டடத்தில். அதிகாரி மாறுதலாகும்போது எழுதும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஜீப், முத்திரை, பீரோ சாவியோடு இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் எப்போதும் கணக்கில் இருக்கும்.

தினசரி வேலைக்கு முதன்மைக் கணக்கைத் தொடவே கூடாது. வட்டத்துக்கு ஒரு குழு, பார்க்க மட்டும், ஏற்ற மட்டும் என்று பிரித்துக் கொடுங்கள். அழிக்கும் உரிமை யாருக்கும் வேண்டாம்.

படி 4: குறியாக்கமும் கோப்புப் பெயரும் (வேலை நின்ற இடம்)

கிளவுட் நிறுவனங்களே குறியாக்கம் செய்து தருகின்றன. பச்சைக்கும் மஞ்சளுக்கும் அது போதும். சிவப்புக்கு நம் கணினியிலேயே குறியாக்கிவிட்டு ஏற்றுவதுதான் என் வழக்கம். கருவி ஆர்குளோன் (கிளவுடுக்குக் கோப்பு ஏற்றி இறக்கும் மென்பொருள்), அதில் உள்ள கிரிப்ட் என்ற குறியாக்க வசதி. இலவசம், எல்லா கிளவுடுக்கும் ஒரே கமாண்ட். ஒவ்வொரு நிறுவனமும் தரும் சொந்தக் கருவியைக் கற்றுக்கொண்டால் இரண்டாவது கிளவுடுக்குப் போகும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கேதான் தமிழ்க் கோப்புப் பெயர் மறித்தது. கிளவுடில் எல்லாம் ஏறிவிட்டது. அதே கிரிப்ட் வழியாக அலுவலக டிஸ்கில் மூன்றாவது நகல் எடுத்தபோது மட்டும் சில கோப்புகள் 'பெயர் நீளம்' என்று திரும்பி வந்தன. இத்தனைக்கும் பெயர் ஒரு வரி கூட இல்லை. 'காட்பாடி வட்டம் பழைய செட்டில்மென்ட் பதிவேடு தொகுதி இரண்டு' என்பதுதான்.

காரணம் இது. யூனிகோடில் (யுடிஎஃப்-8 முறையில்) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'கா' கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினிக்குக் க, கால் என்று இரண்டு குறி, 6 பைட். மேலே சொன்ன பெயர் இடைவெளி, பிடிஎஃப் என்ற வால் எல்லாம் சேர்த்து 163 பைட் வருகிறது. கிரிப்ட் பெயரையும் குறியாக்குவதால் அது இன்னும் நீள்கிறது. டிஸ்கில் ஒரு கோப்புப் பெயருக்கு வரம்பு 255. அதற்குள் அடங்க, மூலப் பெயர் 143 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் அது ஏறக்குறைய 47 குறி, எழுத்தாக எண்ணினால் முப்பதை ஒட்டி வரும். கிளவுடில் முழுப் பாதைக்கு 1024 பைட் வரை இடம் இருப்பதால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

இதைத் தேடும்போது இன்னொன்றும் அகப்பட்டது. பட்டியலில் 'அரக்கோணம்' என்று தேடினால் சில கோப்புகள் வரவே இல்லை. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எக்செல்லில் எழுத்து எண்ணும் ஃபார்முலா போட்டால் ஒன்று 9, மற்றது 10. ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் 'கோ'தான். ஒகர, ஓகார, ஔகாரம் வரும் எல்லாப் பெயருக்கும் இது பொருந்தும். அரக்கோணம் போலவே சோளிங்கரும் மாட்டும்.

தீர்வு ஒன்றேதான்: கோப்புப் பெயரை எண்ணாக மாற்றுங்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி (உள்ளாட்சி விவரத் தொகுப்பு) அட்டவணையில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனி எண் உண்டு. கிராம எண், பதிவேட்டு வகை, ஆண்டு, வரிசை எண் என்று வையுங்கள். தமிழ்ப் பெயர் முழுசாகப் பட்டியலில் இருக்கட்டும், அதையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றி வையுங்கள். பெயரில் மாவட்டம் வேண்டாம், காரணம் படி 1இல் சொன்னதுதான். இதில் இன்னொரு லாபம், விண்ணப்பதாரரின் பெயரையே கோப்புக்கு வைக்கும் பழக்கம் ஒழிகிறது. இறந்தவர் பெயர் ஃபோல்டரில் தெரிந்தால் உள்ளே என்ன பூட்டு போட்டு என்ன பயன்?

கிரிப்ட் பாஸ்வேர்டு தொலைந்தால் கோப்பு தொலைந்ததுதான், யாராலும் மீட்க முடியாது. காகிதத்தில் எழுதி, உறையில் அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

ஆதாருக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தோடு ஸ்கேன் ஆன ஆதார் நகலில் முதல் 8 இலக்கத்தையும் மறைத்தாக வேண்டும். பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைவது மறைப்பு ஆகாது, பெட்டியை நகர்த்தினால் எண் தெரியும். மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றிச் சேமியுங்கள். ஆதார் எண்ணையே சேமிக்க வேண்டிய திட்டம் என்றால் ஆதார் டேட்டா வால்ட் என்ற தனி ஏற்பாடு கட்டாயம். அது தொடக்கநிலைக்காரர் தொடும் வேலை கிடையாது.

படி 5: ஏற்றுவது

ஆர்குளோனில் 'காப்பி' மட்டும் பயன்படுத்துங்கள். 'சிங்க்' வேண்டவே வேண்டாம். மூலத்தில் ஒரு ஃபோல்டர் காணாமல் போனால், கிளவுடிலும் அதை அழித்து இரண்டையும் சமமாக்கிவிடும். முதலில் ட்ரை ரன் (எதையும் ஏற்றாத ஒத்திகை), பிறகு காப்பி, முடிந்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கிரிப்ட்செக். கிரிப்ட்செக் 'வித்தியாசம் இல்லை' என்று சொல்லும்வரை மூல டிஸ்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பகலில் வேகத்துக்கு வரம்பு போடுங்கள், நேரவாரியாகவே போடலாம். இ-சேவைக் கவுண்டரில் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவர்களின் இணையத்தை நம் பேக்கப் தின்றுவிடக்கூடாது.

படி 6: அழிக்க முடியாமல் பூட்டுவது

பொது அணுகலைத் தடுக்கும் அமைப்பு, வெர்ஷனிங் (பழைய பதிப்பையும் வைத்திருப்பது), ஆப்ஜெக்ட் லாக் (கெடு முடியும்வரை அழிக்க விடாத பூட்டு) மூன்றும் வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் பழைய பதிப்பு அப்படியே நிற்கும். அமேசானின் ஆப்ஜெக்ட் லாக்கில் கவர்னன்ஸ் (சிறப்பு அனுமதி உள்ளவர் நீக்கலாம்), கம்ப்ளையன்ஸ் என்று இரண்டு நிலை. கம்ப்ளையன்ஸில் கெடு முடியும்வரை முதன்மைக் கணக்காலும் அழிக்க முடியாது. தவறான கோப்பு ஏறினாலும் கெடு முழுக்க வாடகை கட்டியாக வேண்டும். ஆகவே சில மாதம் கவர்னன்ஸில் ஓட்டிவிட்டு, பட்டியல் நிலைத்த பிறகு மாறுங்கள்.

படி 7: நடவடிக்கைப் பதிவு (லாக்)

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கணினிகளின் கடிகாரம் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். அமேசானிலும் அஷ்யூரிலும் தானாக வரும் நடவடிக்கை வரலாறு 90 நாள்தான். மிச்சம் 90 நாளுக்கு நீங்கள்தான் தனி பக்கெட்டுக்கு அனுப்பிச் சேமிக்க வேண்டும். அந்த பக்கெட்டை வேறு கணக்கில் வையுங்கள். உள்ளே புகுந்தவன் முதலில் அழிப்பது லாகைத்தான்.

படி 8: மீட்டுப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிராமத்தின் கோப்புகளை, இதுவரை இந்த வேலைக்குப் பயன்படுத்தாத கணினியில், உறையில் இருக்கும் பாஸ்வேர்டை வைத்தே இறக்கித் திறந்து பாருங்கள். இதை உங்களுக்குப் பதில் அலுவலக ஊழியர் ஒருவர் செய்யட்டும். அவரால் முடிந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கலாம்.

பிற்சேர்க்கை

குடியாத்தத்திலிருந்து ஒருவர், மீட்டுப் பார்த்த மாதம் பில் கூடுதலாக வந்ததே என்று கேட்டிருந்தார். தரவு உள்ளே போவதற்குப் போக்குவரத்துக் கட்டணம் இல்லை, இறக்குவதற்கு உண்டு. ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் இறக்குவதாகத்தான் கணக்கு. ஆண்டு மதிப்பீட்டிலேயே மீட்புச் சோதனைக்கும், ஒருமுறை முழுசாக வெளியேறுவதற்கும் தொகை எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் முடியும் மார்ச் மாதத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது.

ஆற்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி வேறு. பழைய கோப்புகளுக்குள் இருக்கும் தமிழ் வானவில் மாதிரியான எழுத்துருவில் இருக்கிறது, ஏற்றும் முன் யூனிகோடுக்கு மாற்றலாமா என்றார். மூலத்தைத் தொடாதீர்கள், அதுதான் ஆவணம். மாற்றிய பிரதியைத் தனிக் கோப்பாக, அதே எண்ணோடு ஒரு பின்னொட்டு சேர்த்து ஏற்றி, இரண்டையும் பட்டியலில் ஒரே வரியில் இணைத்துவிடுங்கள்.