தனுஷ்கோடியில் வெறும் கடலை வரைவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

ஸ்கெட்ச் புக்கோடு மூன்று தடவை தனுஷ்கோடி போயிருக்கிறேன். மூன்று தடவையும் இடிந்த தேவாலயத்தை வரைந்துவிட்டுத் திரும்பினேன். நிலம் முடிகிற அரிச்சல்முனைப் பக்கம் போனால் மணல், தண்ணீர், வானம். இதில் வரைய என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. நான்காம் தடவைதான் வழி பிடிபட்டது.

வாட்டர்கலரில் வாஷ் போட, அதாவது நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பரவலாகப் பூச, தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எடுத்துப்போக வேண்டியவை

பேப்பர் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காட்டன்தான். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அளவு போஸ்ட்கார்டு போதும். பெரிய தாளைக் கடற்காற்று உங்களிடம் விட்டுவைக்காது. கிளிப் வைத்த பரீட்சை அட்டை, மாஸ்கிங் டேப், 8-ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று. நிறம் நான்கே நான்கு: செருலியன் (வான நீலம்), அல்ட்ராமரைன் (அடர்நீலம்), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கறுப்பு டியூபை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

எப்போது போவது

நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டை, அதாவது வெயில் சாயும் பிற்பகலை, சிறுபொழுதாக நம் முன்னோர் வகுத்தது எவ்வளவு சரி என்று அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். உச்சிவெயிலில் மணலில் நிழலே கிடையாது, எல்லாம் ஒரே வெளுப்பு. மூன்றரை மணிக்கு மேல் வெயில் சாயச் சாய, காற்று போட்ட வரிகளும் நண்டு வளைகளும் இராவணன் மீசைப் புல்லும் ஒவ்வொன்றாக நிழலோடு எழுந்து வரும். ஆனால் இருட்டும் முன்பே எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் மதியமே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்துக்கு முதுகு காட்டுங்கள்

1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த அந்தச் சுவர் கண்ணை இழுக்கும். அதை விட்டு நடந்துவிடுங்கள். பக்கத்தில் ஓலைக்குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நாம் வெறுமை என்று சொல்லும் இடம் அவர்களுக்கு வீட்டு வாசல். கேட்காமல் அவர்களை வரையாதீர்கள்.

அரிச்சல்முனையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணை, அமைதியானது என்பதால் ஊர்க்காரர்கள் சொல்லும் பெண்கடல். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அலையடிக்கும் ஆண்கடல். ஆரம்பிக்கிறவர்கள் பெண்கடலைப் பார்த்து உட்காருங்கள். முகம் வடக்கே இருக்கும். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் வெயில் கண்ணில் அடிக்காது, தண்ணீரின் நிறமும் தெளிவாகத் தெரியும்.

இருபது நிமிடம் பிரஷைத் தொடாதீர்கள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, அது வழியாகப் பாருங்கள். தெரிகிற நிறங்களைத் தமிழில் எழுதுங்கள். நான் அன்று எழுதியவை: கரையோரத் தண்ணீர் அரிசி கழுவின நீர், அதற்கப்பால் பழுக்காத நெல்லிக்காய், தொடுவானத்தில் ஸ்லேட்டுப் பலகை. அதுவரை கடல் என்றால் நீலம் என்று பூசிக்கொண்டிருந்தவன் நான். அந்த நோட்டில் நீலம் என்ற வார்த்தையே வரவில்லை.

என்னை மாட்டிவைத்த இடம்: ஈர மணல்

வானம், கடல், மணல் என்று மூன்று பட்டை போட்டுக்கொண்டிருந்தேன். படம் கொடி மாதிரி தட்டையாகவே வந்தது. நான்காவது பட்டையை நான் பார்க்கவே இல்லை.

ஓர் அலை திரும்பும்போது குனிந்து பாருங்கள். அது விட்டுப்போன மணல் சில நொடிகள் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டும். பிறகு நீர் உள்ளே இறங்க, மேல்விளிம்பிலிருந்து பளபளப்பு மங்கிக்கொண்டே வரும். மங்கின பகுதி உலர்ந்த மணலைவிட நல்ல கருமையாக இருக்கும். மணல் துகள்களுக்கு நடுவே நீர் நிரம்பினால் வெளிச்சம் உள்ளே ஆழமாகப் போய்விடுகிறது, திரும்பி வருவது குறைவு. ஆக, ஒரே ஈர மணலுக்குள் இரண்டு பட்டை: தண்ணீரை ஒட்டி வானத்தின் நிறம், அதற்கு இப்பால் இருண்ட பழுப்பு.

போடும் வரிசை இது. தொடுவானத்தில் டேப் ஒட்டுங்கள். சிலர் கையாலேயே கோடு இழுக்கச் சொல்வார்கள், எனக்கு ஒப்பாது. ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தண்ணீர் வழிவதுபோல் இருக்கும். வானத்துக்குக் கலந்த அதே வாஷை, கடலுக்கான இடத்தைத் தாண்டி, ஈர மணல் இடத்திலும் போடுங்கள். நன்றாகக் காய விடுங்கள். டேப்பை எடுத்து வானத்தின் விளிம்பில் ஒட்டி, கடலைப் போடுங்கள். பிறகு ஆக்கரை நீர்க்கக் கரைத்து உலர்ந்த மணலுக்கும், சியன்னாவோடு துளி அல்ட்ராமரைன் சேர்த்து மங்கின ஈரத்துக்கும். நுரைக்குத் தாளின் வெள்ளையே போதும். அதன் முன்விளிம்புக்குக் கீழே முடியளவு ஒரு நிழல்கோடு இழுங்கள். அலை மணலை விட்டு உயர்ந்து நிற்கும்.

படகு வேண்டாம்

முடியும் தறுவாயில் ஒரு படகு வைக்கலாம் என்று கை துடிக்கும். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக், கடலோரத்தில் ஒற்றைத் துறவி நிற்கும் படத்தை 1810-ல் பெர்லினில் காட்சிக்கு வைத்தார். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது, அவர் முதலில் கப்பல்களை வரைந்து பிறகு எடுத்துவிட்டது தெரிந்தது. அவருக்கும் கை துடித்திருக்கிறது. உங்களுக்கும் தோன்றினால் வேறு தாளில் படகை வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு சேர்த்தது

கடல்தண்ணீரையே தொட்டு வரைந்த ஒருவர், மழைக்காலத்தில் படம் பிசுபிசுக்கிறது என்று எழுதியிருந்தார். உப்பு தாளில் தங்கி ஈரத்தை இழுக்கும். குடிதண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள்.

இன்னொருவர் டிசம்பரில் போய், பெண்கடல்தான் அலையடித்தது, ஆண்கடல் அமைதியாகக் கிடந்தது என்றார். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அப்படித்தான் மாறும். அப்போதும் பெண்கடல் பக்கமே உட்காருங்கள், கொஞ்சம் தள்ளி. அலை பெரிதானால் ஈர மணல் அகலமாகும், பார்க்க நேரமும் கூடக் கிடைக்கும்.