குழு ப்ராஜெக்டில் முதல் பங்கைக் கேட்டு வாங்குங்கள்

முதுகலையில் சேர்ந்தபோது எனக்கு வயது 38. கணக்குப் பிரிவில் முழுநேர வேலை, ஏழு வயதில் மகள், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் கணவர். பாடம் படிப்பதையும் தேர்வு எழுதுவதையும் எப்படியோ சமாளித்துவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்தால் யாருக்கும் தொந்தரவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது குழு ப்ராஜெக்ட்தான். அதில் என் நேரம் இன்னும் நாலு பேர் கையில் இருந்தது. மொத்தம் ஒன்பது ப்ராஜெக்ட் முடித்தேன். முதல் மூன்றை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது.

மூன்றாவதைச் சொல்கிறேன். "அக்கா, நீங்கதான் பொறுமையா பார்ப்பீங்க. கடைசியில எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்துடுங்களேன்" என்றாள் குழுவில் இருந்த ஒரு பெண். புகழ்ந்ததும் உச்சி குளிர்ந்து தலையாட்டிவிட்டேன். ஞாயிறு இரவு 11:59க்குள் சமர்ப்பிக்க வேண்டும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமையே தங்கள் பகுதியைத் தருவதாகப் பேச்சு. மூன்று பேருடையது ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வந்தது, நாலாவது 9:40க்கு. அன்று மகளுக்குக் காய்ச்சல். மடியில் லேப்டாப், தோளில் அவள் தலை. நாலு கோப்பிலும் மூன்று விதமான எழுத்துரு. இரண்டாம் பக்கத்தில் வாடிக்கையாளர் 120 பேர், ஏழாம் பக்கத்தில் 210 பேர். எது சரி என்று கேட்கப் போன் செய்தால், எழுதியவர் தூங்கிவிட்டார். இரண்டு எண்ணையும் எடுத்துவிட்டு "பலர்" என்று போட்டு 11:52க்கு ஏற்றினேன். கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் செய்கிற காரியமா இது?

நேரத்தைச் சரியாகத் திட்டமிடவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் நான் வாங்கிய பங்கே தப்பு. குழுவில் யார் தாமதித்தாலும் அந்தத் தாமதம் கடைசி வேலையைச் செய்கிறவர் தலையில்தான் விடியும். வேலை, குழந்தை என்று இருக்கிறவருக்கு எந்த இரவு கைநழுவிப் போகும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் வரிசையில் முதலில் வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னணிக் கட்டுரைகளைப் படித்துச் சுருக்குவது, ஆய்வில் கேட்கும் கேள்விகளைத் தயாரிப்பது, தரவு திரட்டுவது, ஆய்வு முறையை எழுதுவது, இப்படி எதுவானாலும் சரி. இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பின்னால் இரண்டு வாரம் இருக்கும். இளையவர்கள் பலருக்கு ஆரம்பத்தில் உட்காரவே பிடிக்காது, கடைசி இரவில்தான் வேகம் வரும். நாம் முதல் பங்கைக் கேட்டால் சந்தோஷமாகவே விட்டுக்கொடுப்பார்கள்.

முதல் கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வேலையைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு கேட்டால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். நாலாவது ப்ராஜெக்டிலிருந்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்த அன்றே இப்படி ஒரு செய்தி போட்டேன்:

"செவ்வாய், வியாழன் இரவு 9 முதல் 10:30 வரையும் சனி காலை 6 முதல் 9 வரையும் இருப்பேன். மாதத்தின் கடைசி மூன்று நாளும் அடுத்த மாதத்தின் முதல் இரண்டு நாளும் ஆபீசில் கணக்கு முடிப்பு, அப்போது என்னை எதிர்பார்க்காதீர்கள். மாலை 6 முதல் 8:30 வரை போன் எடுக்க மாட்டேன். தரவு திரட்டுவதையும் அந்தப் பகுதியின் வரைவையும் 14ஆம் தேதிக்குள் தருகிறேன். கடைசியில் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம்."

இதில் "மன்னிக்கவும்" எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? முதலில் எழுதியதில் மூன்று இருந்தன. மன்னிப்புக் கேட்டால் ஏதோ சலுகை கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் இன்னொருவர் தனக்கு இரவுப் பணி இருப்பதையே சொன்னார். முடியும் நேரத்தைவிட முடியாத நேரத்தைச் சொல்வதுதான் முக்கியம். முடியும் நேரத்தை எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

நானும் கூட்டித்தான் சொன்னேன். அந்தச் செய்தியின்படி வாரத்துக்கு ஆறு மணி நேரம். மனதுக்குள் நாலு என்றுதான் வைத்துக்கொண்டேன். ராஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாமே சொதப்பினால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55க்கும் மேல். மோசமான கணக்கைக்கூடத் தாண்டியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, என் கணக்கு என்ன சொன்னாலும் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன்.

கூட்டங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பத்து ஜோடி, ஆறு பேர் என்றால் பதினைந்து. ஆள் ஒன்று கூடினால் பேச்சு அதைவிட வேகமாகக் கூடும். குழுவின் அளவை நாமே முடிவு செய்யலாம் என்றால் நாலு பேர் போதும், ஆறே ஜோடிதான். கூட்டம் அரை மணி நேரம், அதுவும் முடிவெடுக்க மட்டும். வீடியோ அழைப்பில் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒரு பத்தியை எழுதுவது மாதிரி வீண் வேலை வேறில்லை. முடிந்ததும் யார், எது, எந்தத் தேதி என்று மூன்று விஷயத்தைக் குழுவில் போட்டுவிடுங்கள். "நாம முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த "நாம" யார் என்று அங்கேயே கேளுங்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுத்த பலம் குறைந்தது. அதனால் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர்தான்.

கோப்பும் ஒன்றுதான். கூகுள் டாக்ஸ் மாதிரி எல்லோரும் திறந்து எழுதும் இடத்தில், எழுத்துருவும் சான்று தரும் முறையும் முதல் நாளே முடிவாகிவிட வேண்டும். எண்களுக்கு ஒரே அட்டவணை. எல்லோரும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். 120, 210 பிரச்சினை அதற்குப் பிறகு எனக்கு வரவேயில்லை. யார் எப்போது எழுதினார்கள் என்று திருத்த வரலாற்றில் தெரியும் என்பதால், ஒன்றும் செய்யாமல் இருக்கிறவரைப் பற்றித் தனியாக வாதாடவும் வேண்டாம். கெடு தாண்டி மூன்று நாள் பாருங்கள், அவரிடமே கேளுங்கள், அப்புறம் பேராசிரியரிடம் சொல்லுங்கள். ராத்திரி உட்கார்ந்து அவர் பங்கையும் எழுதாதீர்கள். நான் ஒருமுறை எழுதினேன், கிடைத்தது ஒரு கட்டைவிரல் எமோஜி.

ஆபீசில் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை, தேதிகள் போதும். விடுப்பைச் சமர்ப்பிக்கும் நாளில் எடுக்காமல் நாலு நாள் முன்பே எடுங்கள். கடைசி நாள் விடுப்பு தீயணைக்கத்தான் உதவும்.

வீட்டில் நான் செய்த பெரிய தப்பு "பத்தே நிமிஷம்டா". ஒருநாள் மகள் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தி மூன்று நிமிடம் ஆனதை அவள் சொல்லித்தான் தெரிந்தது. அதிலிருந்து நிமிடக் கணக்கை விட்டுவிட்டு மணியைச் சொல்கிறேன். ஒன்பதுக்குக் கதவு மூடும், பத்தரைக்குத் திறக்கும். பத்தரை ஆனதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவேன். எழுமுன் "அடுத்து: அட்டவணை 2க்கு விளக்கம்" என்பது போல ஒரு வரியை மஞ்சள் நிறத்தில் விட்டுவைப்பேன். அது இல்லாவிட்டால், மறுபடி உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே இருபது நிமிடம் போய்விடும்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வரத்தான் செய்யும். ஏழாவது ப்ராஜெக்டில் வந்தது. மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து போனிலேயே அடித்தேன்: "மகளுக்கு உடம்பு சரியில்லை. என் பகுதி கோப்பில் 6ஆம் பக்கம் வரை இருக்கிறது. மிச்சம் இரண்டு பத்தி, குறிப்புகள் மஞ்சளில். வியாழன் இரவுக்குள் முடிப்பேன், அவசரம் என்றால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்." இரவுப் பணிக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் எழுதிய இரண்டு பத்தியும் என் நடையில் இல்லை, ஒரு இடத்தில் ஒரே கருத்து இருமுறை வந்திருந்தது. படித்துப் பார்த்தேன், கை வைக்காமல் விட்டுவிட்டேன்.