கோடு வரையும் முன் சந்தையைக் கூட்டுங்கள்

"தேவை கூடியதால் விலை ஏறியது, விலை ஏறியதால் தேவை குறைந்தது, அதனால் விலை இறங்கியது." முதலாமாண்டு பொருளியல் விடைத்தாள்களில் இந்தச் சுழற்சி வந்துகொண்டே இருக்கும். தேவைக்கோட்டின் (ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) மீதே நகர்வது வேறு, கோடே இடம்பெயர்வது வேறு என்பது பிடிபடாததுதான் காரணம். இதைச் சரிசெய்யாமல் பேரியலுக்கு, அதாவது நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பகுதிக்குப் போனால் அங்கே எல்லாமே குழம்பும். பலகையில் விளக்குவதை விட வகுப்பிலேயே ஒரு சந்தையை நடத்திவிடுவது நல்லது.

20 பேர் போதும். 10 பேர் வாங்குபவர்கள். அவர்களுக்கு 10 முதல் 1 வரை எண் எழுதிய சீட்டுகள். அதுதான் அவர்கள் தரக்கூடிய உச்ச விலை. மற்ற 10 பேர் விற்பவர்கள். அவர்கள் சீட்டில் 1 முதல் 10 வரை அடக்கவிலை. ஆளுக்கு ஒரு பொருள்தான். சீட்டைக் காட்டக் கூடாது, நட்டத்துக்கு வியாபாரம் கூடாது. விலையை உரக்கக் கேட்க வேண்டும். முடிந்த பேரத்தை உடனே பலகையில் எழுதுங்கள். சுற்றுக்கு ஐந்து நிமிடம், இதே சீட்டுகளோடு மூன்று சுற்று. விலை 5-க்கும் 6-க்கும் இடையில் வந்து நிற்கும். ஐந்து பொருள் கைமாறும். மொத்த உபரி, அதாவது கைமாறிய பொருள்களில் வாங்குபவரின் உச்ச விலைக்கும் விற்பவரின் அடக்கவிலைக்கும் உள்ள வித்தியாசங்களின் கூட்டு, 25.

நான்காம் சுற்றில் வாங்குபவர் சீட்டுகளில் மட்டும் 4 கூட்டுங்கள். விலை 7-க்கும் 8-க்கும் இடையே போகும், ஏழு பொருள் விற்கும். இப்போது கேளுங்கள்: "விற்பவர் சீட்டு மாறியதா?" மாறவில்லை. அளிப்புக்கோடு (ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு விற்பார்கள் என்று காட்டுவது) அசையவில்லை, அதன் மீதுதான் நகர்ந்திருக்கிறோம். கோட்டை இதற்குப் பிறகு வரையுங்கள்.

இரண்டிரண்டு பேராகத் தனியே பேரம் பேச விட்டால் ஐந்துக்கு மேல் விற்றுவிடும், விலையும் சிதறும். 1948-இல் பொருளியலாளர் சேம்பர்லின் வெளியிட்ட வகுப்பறைச் சோதனையில் நடந்தது இதுதான். எல்லார் காதிலும் விழும்படி ஏலம், திரும்பத் திரும்பச் சுற்றுகள் என்று பொருளியலாளர் வெர்னான் ஸ்மித் மாற்றியதும் சமநிலை (வாங்க நினைப்பதும் விற்க நினைப்பதும் சமமாகும் விலை) கைகூடியது. அந்த ஆய்வு 1962-இல் வெளிவந்தது.

பேரியலில் முதல் பொறி தொகு தேவைக்கோடு, அதாவது நாட்டின் எல்லாப் பொருள்களுக்குமான மொத்தத் தேவையைக் காட்டும் கோடு. பார்க்கப் பழைய கோடு போலவே இருப்பதால், "விலை ஏறினால் மாற்றுப் பொருளுக்குப் போவார்கள்" என்று பழைய காரணத்தையே எழுதுவார்கள். செங்குத்து அச்சில் இருப்பது பொது விலைமட்டம். எல்லா விலையும் சேர்ந்தே ஏறும்போது எந்த மாற்றுப் பொருளுக்குப் போவது? பணத்தின் உண்மை மதிப்பு குறைவது, வட்டி ஏறுவது, ஏற்றுமதி தளர்வது என்று காரணங்களைத் தனியே நடத்துங்கள்.

உள்நாட்டு உற்பத்தியைச் செலவுகளைக் கூட்டிக் கணக்கிடும்போது இறக்குமதியைக் கழிப்பதால் அது உள்நாட்டு உற்பத்தியைக் குறைக்கிறது என்றும் நினைப்பார்கள். 100-க்கு வெளிநாட்டுக் கார் வாங்கினால் நுகர்வில் +100, இறக்குமதியில் −100, உற்பத்தியில் மாற்றமில்லை. முன்பே சேர்த்ததை எடுக்கிறோம், அவ்வளவுதான்.

பெருக்கியை (தொடக்கச் செலவைப் போல எத்தனை மடங்கு மொத்த வருமானம் கூடுகிறது என்பது) சூத்திரத்தில் தொடங்க வேண்டாம். இறுதிநிலை நுகர்வு விருப்பு (கூடுதலாகக் கைக்கு வரும் வருமானத்தில் செலவாகும் பங்கு) 0.8 என்றால் 100, 80, 64 என்று மாணவர்களே ஆறு சுற்று எழுதட்டும். கூட்டுத்தொகை 500-ஐ நோக்கிப் போவது தெரியும், அதாவது பெருக்கி 5. ஆனால் அந்த 5-இல் நிறுத்தினால் நிஜப் பொருளாதாரத்தைப் பற்றித் தவறான எண்ணம் தங்கிவிடும். வரி 25%, வருமானத்தில் 10% இறக்குமதிக்கு என்று சேருங்கள். 100-இல் கைக்கு வருவது 75, செலவு 60, உள்நாட்டில் தங்குவது 50. ஆக 100, 50, 25 என்று கரைந்து கூட்டுத்தொகை 200-ஐத்தான் நெருங்கும், பெருக்கி 2. எந்தச் சுற்றில் எவ்வளவு கசிந்தது என்று ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்லித் தாளை வாங்கிப் பாருங்கள். வரியைக் கழிக்கும் முன்பே 0.8-ஆல் பெருக்கி, பிறகு வரியை மறந்தவர்களை அங்கேயே பிடித்துத் திருத்தலாம்.